என் பெயருக்கு எதிரே ஒரு பெருவிரல்

1

காலை ஒன்பது நாற்பது. அது மஸ்கட் நேரம். ஊரில் அப்போது பதினொன்று பத்து. என் மகள் காவ்யாவுக்கு மூன்றாவது பீரியட் நடந்துகொண்டிருக்க வேண்டும். நான் ஆய்வகத்தில் கையுறையோடு ரத்த மாதிரிகளுக்கு எண் ஒட்டிக்கொண்டிருந்தேன். கோட்டுப் பையில் போன் மூன்று முறை அதிர்ந்து அடங்கியது. மூன்று முறையும் ஒரே எண், ஊர் எண். வேலை நேரத்தில் ஊரிலிருந்து யாரும் நல்ல செய்தி சொல்லக் கூப்பிடுவதில்லை. கையுறையைக் கழற்றிக் குப்பையில் போட்டுவிட்டு வெளியே வந்தேன்.

"காவ்யா மதர்தானே மேடம்? லைன்லயே இருங்க, கரெஸ்பாண்டென்ட் சார் பேசுவார்."

பள்ளியின் தாளாளர். மகளைச் சேர்த்த அன்று அவரைக் கைகூப்பிக் கும்பிட்டதோடு சரி, அவர் குரலை அதற்குப் பிறகு நான் கேட்டதில்லை.

"உங்க பொண்ணு சோசியல் ப்ராஜெக்ட்ல என்ன எழுதி வெச்சிருக்கான்னு தெரியுமா உங்களுக்கு?"

"தெரியாது சார். மார்க் கம்மியா?"

அந்தக் கேள்வியை இப்போது நினைத்தாலும் எனக்குக் கூசுகிறது. என் மகள் என்ன எழுதினாள் என்று கேட்கத் தோன்றவில்லை. மார்க் என்ன என்றுதான் கேட்டேன்.

"மார்க்கா?" என்று சிரித்தார். "நீங்களோ உங்க வீட்டுக்காரரோ இந்த வாரத்துக்குள்ள நேர்ல வரணும். அது பூரா கற்பனையா எழுதினதுன்னு பொண்ணும் பேரன்ட்டும் கையெழுத்துப் போட்டு லெட்டர் தரணும். இல்லைன்னா டி.சி. ரெடியா இருக்கும். வாங்கிட்டுப் போயிடலாம்."

ஒன்பதாம் வகுப்பு, வருஷத்தின் நடுப்பகுதி. இப்போது மாற்றுச் சான்றிதழைக் கையில் கொடுத்தால் எந்தப் பள்ளியும் உள்ளே விடாது. ஒரு வருஷம் போகும். அவள் ஊரில் இருப்பதற்கே அர்த்தமில்லாமல் போகும். கணவர் பாஸ்கரனுக்கு விடுப்பு கிடைக்கவில்லை. எனக்கு ஐந்து நாள் கிடைத்தது.

2

அவளை ஏன் ஊரில் விட்டோம் என்று கேட்பவர்களுக்குச் சொல்ல ஒரு பதில் வைத்திருக்கிறேன். மேல்படிப்புக்குச் சான்றிதழ்ச் சிக்கல் வரக் கூடாது, அதற்கு ஒன்பதாம் வகுப்பிலிருந்தாவது தமிழ்நாட்டில் படித்திருந்தால் நல்லது என்று யாரோ சொன்னார்கள். இன்னொன்றும் உண்டு. மஸ்கட்டில் நாங்கள் பதினேழு வருஷமாக இருக்கிறோம். இருப்பிட அட்டையைக் குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். டோக்கன் எடுத்து, காத்திருந்து, கண்ணாடிப் பலகையில் விரல்களை ஒவ்வொன்றாக அழுத்திக் காட்ட வேண்டும். எத்தனை வருஷம் இருந்தாலும் அந்த ஊருக்கு நாங்கள் வேலைக்கு வந்தவர்கள்தான். ஒரு ஊருக்காவது அவள் உரியவளாக இருக்கட்டும் என்று நினைத்தோம்.

அதனால் ஊரப்பாக்கத்துக்கு அந்தப் பக்கம், ஜி.எஸ்.டி. ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி இருக்கும் என் மூத்தார் வீட்டில் விட்டோம். மூத்தார் என்றால் கணவரின் அண்ணன். பரம்பரையாக அந்த ஊர்க்காரர்கள். வயலெல்லாம் மனையாகிவிட்டது, அவர் இப்போது மனை வாங்கி விற்பவர், முன்னாள் வார்டு உறுப்பினர். அவர் மனைவி கஸ்தூரி அக்கா. பத்தாம் வகுப்பு முடித்தவர். மளிகைக் கடைக்குக் கொடுக்கும் சீட்டைக்கூட அச்சுப் போல எழுதுவார். காவ்யாவுக்கு ர, ற வித்தியாசம் சொல்லிக்கொடுத்தது அவர்தான். பிள்ளைகள் இல்லை. காவ்யாவைப் பாப்பா என்றுதான் கூப்பிடுவார்.

என் நாள் இங்கே மஸ்கட்டில் விரலில்தான் தொடங்குகிறது. காலை ஏழு மணிக்கு மருத்துவமனைப் பின்வாசலில் ஒரு சின்ன இயந்திரம் இருக்கிறது, அதில் பெருவிரலை வைக்க வேண்டும். நாள் முழுக்கக் கிருமிநாசினி தேய்த்துத் தேய்த்து என் ரேகை மழுங்கிவிட்டது. "மீண்டும் முயலவும்" என்று சொல்லும். துடைத்துவிட்டு வைப்பேன். மீண்டும் முயலவும். பின்னால் நிற்பவர்கள் பெருமூச்சு விடுவார்கள். நான் நான்தான் என்று ஒரு பெட்டியிடம் தினமும் மன்றாடிவிட்டுத்தான் உள்ளே போகிறேன்.

உள்ளே போனால் ஒரே ஒரு விதி. என் கண்ணால் பார்க்காத முடிவுக்கு நான் கையெழுத்துப் போடக் கூடாது. பதினேழு வருஷத்தில் ஒரு முறைகூடப் போட்டதில்லை. அதில் எனக்குக் கர்வம் இருந்தது.

3

மகள் ஊருக்குப் போன புதிதில் வீடியோவில் தினமும் ஒரு மணி நேரம் பேசினாள். பிறகு இருபது நிமிஷம். பிறகு "சாப்பிட்டாச்சு, படிக்கணும், பை." அவளுடைய நாள் என் கையிலிருந்து மெதுவாக நழுவியது. ஆனால் சமூக அறிவியல் பாடம் மட்டும் அவளைப் பேச வைத்தது, ஏனென்றால் அதில் வரும் தமிழ்ச் சொற்கள் அவளுக்கு விநோதமாக இருந்தன. பள்ளி ஆங்கில வழிதான். ஆனால் கஸ்தூரி அக்கா பழைய பழக்கத்தில் தமிழ்ப் புத்தகத்தை வாங்கி வைத்துக்கொண்டு கூடவே படிப்பார்.

"அம்மா, குடிமகன்னா குடிக்கறவர்தானே? பெரியம்மா புக்ல 'நல்ல குடிமகனின் கடமைகள்'னு போட்டிருக்கு. நல்லா குடிக்கறதுக்குக் கடமை என்னம்மா?"

டாஸ்மாக் ஜோக்குகளில் கற்ற தமிழ். சிரித்தேன்.

இன்னொரு நாள்: "புறம்போக்குன்னா கெட்ட வார்த்தைதானே? பெரியப்பா போன்ல யாரையாவது திட்டினா அதான் சொல்றாரு. ஆனா புக்ல அது நிலத்தோட பேரு."

"எல்லாருக்கும் பொதுவான நிலம்டி. யாருக்கும் பட்டா கிடையாது."

"எல்லாருக்கும் பொதுன்னா நல்ல விஷயம்தானே? அதை வெச்சு ஏன் திட்டறாங்க?"

படி, பரீட்சைக்கு வரும் என்றேன். வராது என்று அவள் சொன்னாள். அவர்கள் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பிலேயே பத்தாம் வகுப்புப் பாடத்தைத் தொடங்கிவிடுகிறார்கள். ஒன்பதாம் வகுப்பு வரலாறு பாதி, குடிமையியல் முழுவதும் "நீங்களே படிச்சுக்கோங்க." அந்தப் புத்தகத்தின் பின்பகுதி மடிப்புக்கூடக் கலையாமல் இருந்தது.

அதில் ஒரு செயல்பாடு இருந்தது. உங்கள் ஊர் கிராம சபைக் கூட்டத்துக்குச் சென்று வந்து அறிக்கை எழுதவும். அக மதிப்பீட்டுக்குப் பத்து மதிப்பெண். புதிதாக வந்திருந்த சோசியல் மிஸ் அதைக் கரும்பலகையில் எழுதிப் போட்டுவிட்டார். பள்ளிக்கு எதிரே உள்ள ஸ்டேஷனரி கடையில் இதற்கெல்லாம் அச்சடித்த தாள் கிடைக்கும். 'தலைவர் அனைவரையும் வரவேற்றார், மரக்கன்று நடுவது குறித்து விவாதிக்கப்பட்டது, தேநீர் வழங்கப்பட்டது, தேசிய கீதத்துடன் கூட்டம் இனிதே நிறைவுற்றது.' அதைப் பார்த்துத் தன் கையெழுத்தில் எழுதி, படம் ஒட்டி, ஜரிகைத் தாளில் அட்டை போட்டுக் கொடுக்க வேண்டும். வகுப்பில் எல்லோரும் அதைத்தான் செய்தார்கள்.

என் மகள் கூட்டத்துக்குப் போனாள். வெளிநாட்டில் வளர்ந்த பிள்ளை. 'சென்று வந்து' என்று எழுதியிருந்தால் சென்று வர வேண்டும் என்று நினைத்துவிட்டாள்.

4

அவளுடைய அறிக்கையின் பக்கங்களை சோசியல் மிஸ் எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார். விமானம் ஏறும் முன் நின்றபடியே படித்தேன். தமிழில் எழுதியிருந்தாள். கூட்டம் தமிழில்தானே நடந்தது, அதை எப்படி ஆங்கிலத்தில் எழுதுவது என்று கேட்டாளாம். தீர்மானம் என்பதற்கு எல்லா இடத்திலும் மூன்று சுழி ண போட்டிருந்தாள்.

அக்டோபர் இரண்டாம் தேதி. ஊராட்சி அலுவலக வாசலில் இருபத்தாறு நாற்காலிகள், பதினொரு பேர். பதினான்கு நிமிஷத்தில் கூட்டம் முடிந்தது. இவளுக்கு அது அறிக்கைக்குப் போதவில்லை. அலுவலகத்தில் இருந்தவரிடம் போன தடவைக் கூட்டத்தின் பதிவேட்டைக் கேட்டிருக்கிறாள். முன்னாள் உறுப்பினர் வீட்டுப் பெண், ப்ராஜெக்ட் என்று விடுமுறை நாளிலும் பள்ளிச் சீருடை வேறு. அவர் சந்தோஷமாகவே எடுத்துக் கொடுத்திருக்கிறார்.

இனி அவள் எழுதியதை அப்படியே தருகிறேன், சுழிகளை மட்டும் திருத்தி.

"ஆகஸ்ட் 15 கூட்டத்தில், ஏரிக்குப் பக்கத்தில் உள்ள மேய்க்கால் புறம்போக்கில் எங்கள் பள்ளிப் பேருந்துகளை நிறுத்திக்கொள்ள ஊராருக்கு ஆட்சேபணை இல்லை என்று தீர்மானம் போட்டிருக்கிறார்கள். வந்தவர்கள் பட்டியலில் என் அம்மா பெயர் இருக்கிறது. ஆனால் அன்று என் அம்மா மஸ்கட்டில் வேலையில் இருந்தார். அம்மா பெயருக்கு எதிரே ஒரு பெருவிரல் ரேகை இருக்கிறது. என் அம்மா எம்.எஸ்ஸி. படித்தவர், அவருக்குக் கையெழுத்துப் போடத் தெரியும். அதே மாதிரி ரேகைகள் பல இருக்கின்றன. எல்லா ரேகையிலும் குறுக்கே ஒரு வெள்ளைக் கோடு இருக்கிறது, விரலில் பழைய வெட்டுக்காயம் இருந்தால் வருவது போல. எண்ணிப் பார்த்தேன். முப்பத்தெட்டு. முப்பத்தெட்டுப் பேருக்கும் ஒரே விரலில் ஒரே இடத்தில் காயம் பட்டிருக்க முடியாது. எனவே, வந்தது ஒருவர் என்று நினைக்கிறேன்."

கடைசியில் படம் ஒட்ட வேண்டிய இடத்தில், போனில் எடுத்த அந்தப் பக்கத்தின் படம். 'வசந்தி, க/பெ. பாஸ்கரன்.' பக்கத்தில் நீல மையில் ஒரு விரல்.

எனக்கு முதலில் வந்தது கோபம் அல்ல, அவமானம். கைநாட்டு என்று ஒருவரைச் சொன்னால் நம் ஊரில் என்ன பொருள் என்று உங்களுக்குத் தெரியும். எங்கள் வீட்டில் முதலில் கல்லூரிக்குப் போனவள் நான். இங்கே என் சொந்த விரலைத் தினமும் ஒரு பெட்டி நம்ப மறுக்கிறது. அங்கே நான் இல்லாமலே ஒரு விரல் நானாக உட்கார்ந்து ஏரிக்கரை மேய்ச்சல் நிலத்தைத் தூக்கிக் கொடுத்திருக்கிறது, ஆட்சேபணை இல்லை என்று.

5

மீனம்பாக்கத்தில் இறங்கி, கிளாம்பாக்கம் நெரிசலைக் கடந்து வீட்டுக்குப் போனபோது காலை எட்டு. மூத்தார் ஹாலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

"வாம்மா வசந்தி. இன்னா, ஃப்ளைட்டு லேட்டா?"

"மாமா, என் பேருல யாரு விரல் வெச்சது?"

பேப்பரை மடித்தார். அவசரமே இல்லை. "ஊர்ல கீறவன் ஒருத்தனும் கூட்டத்துக்கு வர்றதில்ல. இத்தினி பேர் வந்தாதான் தீர்மானம் செல்லும்னு சட்டம். அப்போ இன்னா பண்ண சொல்ற? வூட்டு வூட்டுக்குப் போய்க் கால்ல வுழவா? வராதவங்க பேரைப் போட்டு முடிக்கறது. எல்லா ஊர்லயும் அதான். நீயா வந்து வேணாம்னு சொல்லப் போறே?"

"கையெழுத்துப் போடத் தெரிஞ்சவளுக்குக் கைநாட்டா?"

அவர் சிரித்துவிட்டார். "கையெழுத்துன்னா ஒருத்தன் வந்து இது என்து இல்லம்பான். பேஜார். கைநாட்டுக்காரங்களை எவன் வந்து கேக்கப் போறான்?"

இதைத்தான் என்னால் இன்றுவரை மறக்க முடியவில்லை. அவர் ஒளிக்கவில்லை. ஒரு தொழில் நுணுக்கத்தை விளக்குவது போலச் சொன்னார்.

"அந்த ஸ்கூல்ல பாப்பாவுக்கு சீட்டு எப்படி வந்துச்சுன்னு நெனைக்கறே?" என்று அதற்குப் பிறகு கேட்டார். "லெட்டரைக் குடுத்துட்டுப் போவியா, அத்த வுட்டுட்டு."

கஸ்தூரி அக்கா இட்லித் தட்டோடு வந்தார். "சாப்பிடு வசந்தி, ஆறிடும்" என்று என் முன்னால் தட்டை வைத்தார். தட்டின் விளிம்பைப் பிடித்திருந்த இடது பெருவிரலைப் பார்த்தேன். குறுக்கே ஒரு வெள்ளைத் தழும்பு. எனக்குத் தெரிந்த தழும்புதான். என் வளைகாப்பு அன்று வாழைக்காய் நறுக்கும்போது பட்டது. நான்தான் கட்டுப் போட்டுவிட்டேன்.

அக்கா கையை மெதுவாக இழுத்துக்கொண்டு முந்தானைக்குள் வைத்துக்கொண்டார். நான் இட்லியைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டேன். எதுவும் கேட்கவில்லை. என் மகள் இந்த வீட்டில் இன்னும் மூன்றரை வருஷம் சாப்பிட வேண்டும்.

6

அன்று மத்தியானம் பள்ளிக்குப் போய் சோசியல் மிஸ்ஸைப் பார்த்தேன். இருபத்தைந்து, இருபத்தாறு வயதிருக்கும். சிங்கப்பெருமாள் கோவிலிலிருந்து தினமும் மின்சார ரயிலில் வருகிறவர். ஆசிரியர் அறையில் பேச பயந்து, என்னைச் சைக்கிள் ஸ்டாண்டு பக்கம் அழைத்துப் போனார்.

"மேடம், முப்பத்தாறு பேர் போகாத கூட்டத்துக்குப் போனதா எழுதிட்டு வந்தாங்க. எல்லாத்துலயும் தேநீர் வழங்கப்பட்டது. எனக்குத் தெரியும், கடைத் தாள்னு. எல்லாருக்கும் பத்துக்குப் பத்து போட்டேன். இவ ஒருத்திதான் நெஜமா போனா." கொஞ்சம் நிறுத்தினார். "இவளுக்கு என்ன மார்க் போடறதுன்னு எனக்குத் தெரியல மேடம்."

"படிச்சதும் ஏன் மேல கொண்டு போனீங்க?"

"நான் கொண்டு போகல. இன்ஸ்பெக்‌ஷனுக்கு அழகான ப்ராஜெக்ட் ரெண்டு எடுத்து வைன்னாங்க. இவ எழுத்து அழகா இருந்துச்சு. மேலாப்பல எடுத்து வெச்சுட்டேன்." கண்ணைத் துடைத்துக்கொண்டார். "நானும் லெட்டர் எழுதிக் குடுத்துட்டேன் மேடம். கவனிக்காம விட்டது என் தவறுன்னு. எனக்கு இந்த வேலை வேணும்."

அந்தப் பெண்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அவர் முகத்தில் என் முகம் இருந்தது, அதுதான் பார்க்கச் சகிக்கவில்லை.

தாம்பரத்தில் ஒரு பெண்கள் பள்ளியில் நானும் இதே பாடத்தைப் படித்தவள்தான். காலக்கோடு வரைவதில் என்னை மிஞ்ச ஆளில்லை. இந்தியப் படத்தில் கண்ணை மூடிக்கொண்டு கோதாவரியைக் குறிப்பேன். 'கிராம சபையின் பணிகள் யாவை?' என்ற கேள்விக்கு ஐந்து குறிப்புகளை உருப்போட்டு ஐந்துக்கு ஐந்து வாங்கினேன். இன்றும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டால் ஒப்பிப்பேன். கிராம சபை எங்கே நடக்கிறது என்று எனக்குத் தெரியாது. எங்கள் தெருவில் யாருக்கும் தெரியாது. போய்ப் பார்க்க வேண்டும் என்று எங்கள் ஆசிரியையும் சொல்லவில்லை, எங்களுக்கும் தோன்றவில்லை. சமூக அறிவியலில் தொண்ணூற்றேழு வாங்கியவள் நான். அந்த மதிப்பெண் பட்டியலைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு மஸ்கட் வரை எடுத்துப் போயிருக்கிறேன்.

கடைத் தாளைப் பார்த்து எழுதிய முப்பத்தாறு பிள்ளைகளையும் முப்பத்தெட்டு ரேகைகளையும் நான் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். பெரிய வித்தியாசம் தெரியவில்லை.

7

சாயங்காலம் பள்ளி விட்டு வந்த காவ்யா பையை வைத்துவிட்டு என் எதிரே உட்கார்ந்தாள். வளர்ந்திருந்தாள். கட்டிப்பிடித்தாள், ஆனால் சீக்கிரம் விட்டுவிட்டாள்.

"லெட்டர் எழுதப் போறீங்களாம்மா?"

"நீ எழுதினது தப்புன்னு சொல்லல காவ்யா."

"கற்பனைன்னு எழுதினா தப்புன்னுதானே அர்த்தம்?"

"வருஷம் போயிடும்டி. வேற ஸ்கூல்ல எடுக்க மாட்டாங்க."

"உங்க லேப்ல பாக்காம சைன் பண்ண மாட்டேன்னு சொல்லுவீங்களே."

சமையலறையில் மிக்ஸி ஓடி நின்றது. அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"அது யார் விரல்னு எனக்குத் தெரியும்மா. தினமும் எனக்குத் தலை பின்னிவிடற விரல். அதனாலதான் யாருன்னு எழுதல. 'வந்தது ஒருவர்'னு மட்டும் எழுதினேன். மிஸ் கேட்டப்பவும் தெரியாதுன்னுட்டேன்."

பதினான்கு வயதுப் பெண் அந்த வீட்டில் யாரைக் காட்டிக் கொடுக்கலாம், யாரைக் காக்க வேண்டும் என்று தனியாக உட்கார்ந்து யோசித்திருக்கிறாள். இருபது நிமிஷ வீடியோவில் எனக்கு அதெல்லாம் தெரியவில்லை. சாப்பிட்டாயா என்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

பாஸ்கரனுக்குப் போன் செய்தேன். நான் சொல்லி முடிக்கும்வரை பொறுமையாகக் கேட்டார். "அண்ணன்கிட்ட சண்டை மட்டும் போட்டுட்டு வந்துடாதே வசந்தி. அவ அங்கதானே இருக்கணும். ஒரு கையெழுத்துதானே" என்றார்.

ஒரு கையெழுத்துதான். கடிதத்தை நானே எழுதினேன். 'என் மகள் சமர்ப்பித்த அறிக்கையில் உள்ள விவரங்கள் முழுவதும் அவளது கற்பனையே.' தேதி, இடம், எல்லாம் ஒழுங்காக. எனக்கு விண்ணப்பம் எழுத நன்றாக வரும். அதற்கும் பள்ளியில் மதிப்பெண் வாங்கியிருக்கிறேன்.

காகிதத்தை மடித்துக் கைப்பையில் வைக்கும்போது நிமிர்ந்து பார்த்தேன். கஸ்தூரி அக்கா சமையலறை வாசலில் நின்றிருந்தார். எவ்வளவு நேரமாக நின்றார் என்று தெரியாது. "காப்பி போடட்டுமா?" என்று கேட்டார். வேண்டாம் என்றேன். பதில் கேட்ட பிறகும் அங்கேயே நின்றார்.

8

மறுநாள் காலை பதினொரு மணிக்குத் தாளாளர் அறை. ஏசி குளிர். மேசைக் கண்ணாடிக்கு அடியில் பள்ளி ஆண்டு விழாப் படங்கள். அவர் பக்கத்து நாற்காலியில் என் மூத்தார், வீட்டு ஆளாக அல்ல, அவருடைய ஆளாக. எதிரே நானும் காவ்யாவும். சோசியல் மிஸ் சுவரோரம் நின்றார்.

தாளாளர் என் கடிதத்தை இரண்டு முறை படித்தார். "நல்லா எழுதியிருக்கீங்க மேடம். ஒரே ஒரு வரி சேர்த்துக்கலாம். ஊராட்சிப் பதிவேட்டை அவ பாக்கவே இல்லைன்னு."

"அவ பார்த்தா சார். போட்டோ இருக்கு."

"அதை டெலிட் பண்ணிடலாமே. பாப்பா, போனைக் குடும்மா."

காவ்யா என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்க்கவில்லை. "குடு" என்றேன். போனை மேசைமேல் வைத்தாள். வைத்துவிட்டு, குனிந்து, மேசைமேல் இருந்த என் கடிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சின்னப் புள்ளைங்க எதையாவது படிச்சிட்டு ஆராய்ச்சி பண்ணுதுங்க" என்றார் தாளாளர். மூத்தார் சிரித்தார். தாளாளர் தொடர்ந்தார். "சிவிக்ஸ் எல்லாம் பரீட்சைக்குத்தான் மேடம். ஒரு மார்க், ரெண்டு மார்க். அதை எடுத்துக்கினு ரோட்டுக்கு வந்தா எப்படி?"

தன் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து மூடியைக் கழற்றி என்னிடம் நீட்டினார். அவர் சொன்ன அந்த ஒரு வரியை எழுதினேன். ஆம், எழுதினேன். இதை நான் உங்களிடம் மறைக்கப் போவதில்லை. 'அவள் பதிவேட்டைப் பார்க்கவில்லை.' அதன் கீழே கையெழுத்துக்கு இடம் விட்டு, பேனாவை அங்கே கொண்டுபோனேன். வ போட்டேன்.

வெளியே வாட்ச்மேன் சத்தம். "அம்மா, சொல்லிட்டுதான் உள்ள போணும்... அம்மா!"

கதவு திறந்தது. கஸ்தூரி அக்கா. வீட்டில் கட்டும் பூனம் புடவை, தோளில் ஈரம், காலில் செருப்பு மாறிப் போயிருந்தது. ஒன்று அவருடையது, ஒன்று நான் வீட்டில் விட்டு வந்தது. ஷேர் ஆட்டோவில் வந்திருக்க வேண்டும். அவர் அந்தப் பள்ளிக்கு வந்து நான் பார்த்ததில்லை. பெற்றோர் கூட்டத்துக்குக்கூட மூத்தார்தான் வருவார்.

மூத்தார் பாதி எழுந்தார். "இன்னாடி, இங்க இன்னா வேலை உனக்கு? வூட்டுக்குப் போ."

அக்கா அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. காவ்யாவின் பின்னால் வந்து நின்று, அவள் நாற்காலி முதுகில் இடது கையை வைத்தார். முந்தானைக்குள் இல்லை. மேசையில் கிடந்த அறிக்கையை வலது கையால் தன் பக்கம் திருப்பி, கடைசிப் பக்கத்தை எடுத்து, எழுத்து எழுத்தாகப் படித்தார். என் கையில் பேனா அப்படியே இருந்தது.

"பாப்பா எழுதுனதுல ஒரு தப்பு கீது சார்" என்றார். "முப்பத்தெட்டுன்னு போட்டிருக்கா. நாப்பத்தொண்ணு. பின்பக்கம் மூணு பேர் கீறாங்க, அவ திருப்பிப் பாக்கல. வெச்சது நான், எனக்குத் தெரியாதா?"